ரிலீஃப் பிட்சர் என்பவர் யார்? ஹோய்ட் வில்ஹெல்மை வைத்து ஒரு விளக்கம்

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு பேஸ்பாலில் சட்டென்று பிடிபடாத விஷயம், பந்து வீசுபவரை மாற்றும் முறைதான். கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் பவுலர் மாறுவார். அடி வாங்கினால் ஃபீல்டிங்குக்குப் போய்விட்டு, பத்து ஓவர் கழித்துத் திரும்பி வருவார். பேஸ்பாலில் பிட்சர் ஒருவர்தான். ஆட்டத்தைத் தொடங்கியவரே வீசிக்கொண்டிருப்பார். அவரை ஆட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டால் அன்றைக்கு அவர் கதை முடிந்தது. மறுபடி உள்ளே வர விதி இடம் தராது.

ஆட்டத்தைத் தொடங்குபவர் ஸ்டார்ட்டர். அவருக்குப் பிறகு வருபவர் யாராக இருந்தாலும் ரிலீஃப் பிட்சர், சுருக்கமாக ரிலீவர். மைதானத்தின் ஓரத்தில் புல்பென் என்று ஒரு தடுப்புக்குள் இவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மேனேஜர், அதாவது அணியை நடத்தும் பயிற்சியாளர், டெலிபோனில் தகவல் சொன்னதும் எழுந்து கையைச் சூடேற்றிக்கொண்டு, கூப்பிட்டால் நடுவே இருக்கும், பந்து வீசும் மேட்டுக்கு வருவார்கள்.

இந்த வேலை எப்படிப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள ஹோய்ட் வில்ஹெல்மை விடப் பொருத்தமான ஆள் கிடையாது. 1952 முதல் 1972 வரை 21 சீசன்கள், ஒன்பது அணிகள், 1,070 ஆட்டங்கள். அவற்றில் 52-இல் மட்டுமே ஸ்டார்ட்டர். ரிலீவர் என்ற தகுதியில், பெரும் ஆட்டக்காரர்களுக்கான கௌரவப் பட்டியலான பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்த முதல் ஆள் அவர்தான். அவருடைய எண்களை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தால் ரிலீஃப் பிட்சிங் முக்கால்வாசி புரிந்துவிடும்.

பிட்சரை ஏன் மாற்றுகிறார்கள்?

ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். இரண்டு அணியும் ஒவ்வொரு இன்னிங்ஸிலும் மூன்று பேர் அவுட் ஆகும்வரை ஆடும். ஆக ஒரு அணியின் பிட்சர்கள் மொத்தம் 27 பேரை அவுட் ஆக்க வேண்டும். அதற்குள் நூறு பந்துக்கு மேல் போய்விடும். முழு வேகத்தில் அத்தனை வீசிய தோளுக்கும் முழங்கைக்கும் மூன்று நான்கு நாள் ஓய்வு வேண்டும்.

களைப்பு முதல் காரணம். முதலில் குறைவது வேகம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் அதற்கும் முன்னால் குறி தவறத் தொடங்கும். முழங்கால் உயரத்துக்குப் போக வேண்டிய பந்து இடுப்பு உயரத்துக்கு ஏறும். இடுப்பு உயரப் பந்தைப் பேட்டர்கள் விடமாட்டார்கள்.

இரண்டாவது காரணம் பழக்கம். ஒரே பிட்சரை மூன்றாம் முறை சந்திக்கும் பேட்டர், அந்தக் கை எப்படிச் சுற்றும், பந்து எப்போது விடுபடும் என்பதெல்லாம் தெரிந்துவைத்திருப்பார். புது முகம் வந்தால் அந்தப் பாடம் பயன்படாது.

மூன்றாவது காரணம் அந்தக் காலத்துக்கே உரியது. 1950-களில் பிட்சரும் வரிசையில் நின்று பேட் பிடித்தாக வேண்டும். பெரும்பாலான பிட்சர்கள் நம்ம ஊர் பதினோராம் நம்பர் ஆட்டக்காரரைப் போலத்தான். ஏழாவது இன்னிங்ஸில் ஒரு ரன் பின்தங்கியிருக்கும்போது பிட்சரின் முறை வந்தால், அவருக்குப் பதிலாக நல்ல பேட்டர் ஒருவரை மேனேஜர் அனுப்புவார். பதில் ஆள் இறங்கினால் பிட்சர் வெளியே. நன்றாக வீசிக்கொண்டிருந்தாலும் வெளியேதான். அடுத்த இன்னிங்ஸுக்கு ரிலீவர் வந்தே ஆக வேண்டும். உயர்மட்ட பேஸ்பாலான 'பெரிய லீக்'கின் இரண்டு பிரிவுகளில், அமெரிக்கன் லீக்கில் 1973 வரைக்கும், நேஷனல் லீக்கில் வெகு அண்மைக்காலம் வரைக்கும் இந்த நிர்ப்பந்தம் நீடித்தது.

இத்தனை காரணம் இருந்தும் 1950 வாக்கில் பத்து ஆட்டத்துக்கு நான்கை ஸ்டார்ட்டரே தனியாக முடித்துவிடுவார். இன்றைக்கு நூறில் ஒன்றைப் பார்ப்பதே அபூர்வம். அப்போது புல்பென் என்பது ஸ்டார்ட்டராகத் தேறாதவர்களும் வயதானவர்களும் உட்கார்ந்திருக்கும் இடம். அந்த எண்ணத்தை முதலில் பலமாக அசைத்தவர் ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸ் அணியின் ஜிம் கான்ஸ்டன்டி. 1950 சீசனில் 74 ஆட்டம், எல்லாமே ரிலீவராக, 16 வெற்றி (அணியின் ஒவ்வொரு வெற்றியும் ஒரு பிட்சர் பெயரில் எழுதப்படும்). அந்த ஆண்டு நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். ரிலீவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. வேடிக்கை என்னவென்றால், இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் அவரையே ஸ்டார்ட்டராக இறக்கினார்கள். 1-0 என்று தோற்றார்.

அடுத்தவர் வைத்துவிட்டுப் போன கடன்

ரிலீவரின் வேலையில் முக்கியமான ஒன்று, அவர் சுத்தமான பலகையில் எழுதத் தொடங்குவதில்லை என்பது. ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம்.

ஏழாவது இன்னிங்ஸ். உள்ளூர் அணி 4-3 என்று முன்னிலை. ஒரு அவுட் ஆகியிருக்கிறது. எதிரணி ஆட்கள் இரண்டாம் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் நிற்கிறார்கள் (பேட்டர் மூன்று பேஸ்களை வரிசையாகத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால்தான் ஒரு ரன்). ஸ்டார்ட்டர் களைத்துவிட்டார். ரிலீவர் வருகிறார். முதல் பந்திலேயே ஒரு நீண்ட அடி. பேஸில் நின்ற இருவரும் ஓடிவந்து ரன் எடுத்துவிட்டார்கள். ஸ்கோர் 5-4, முன்னிலை போயிற்று. அடுத்த இருவரையும் ரிலீவர் அவுட் ஆக்குகிறார். உடனே உள்ளூர் அணி பேட் செய்து இரண்டு ரன் எடுத்து 6-5 என்று முந்துகிறது. எட்டாவது, ஒன்பதாவது இன்னிங்ஸை ரிலீவர் ரன் எதுவும் கொடுக்காமல் முடித்துவிடுகிறார்.

கணக்குப் புத்தகத்தில் இது எப்படி ஏறும் தெரியுமா? அந்த இரண்டு ரன்னும் ஸ்டார்ட்டர் தலையில். ஏனென்றால் அவர்கள் பேஸுக்கு வந்தது அவர் பந்தில். ரிலீவர் பெயருக்கு எதிரே 2⅔ இன்னிங்ஸ், பூஜ்யம் ரன். அதோடு அணி கடைசியாக முந்தியபோது பிட்சராக இருந்தவர் என்ற வகையில் வெற்றியும் அவருக்கே. காப்பாற்ற வந்த முன்னிலையைப் பறிகொடுத்தவருக்கு வெற்றி, ஆறு இன்னிங்ஸுக்கு மேல் தாங்கியவருக்கு ஐந்து ரன் பழி.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். இருவர் பேஸில் நிற்கும்போது வந்து, அந்த இருவரையும் அங்கேயே நிறுத்தி இன்னிங்ஸை முடித்துவிட்டுப் போகும் ரிலீவருக்கு, வெற்றிக் கணக்கில் ஒன்றும் சேராது. ஆட்டத்தைக் காப்பாற்றியவர் அவர்தான் என்று மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

பிட்சரின் தரத்தை அளக்க அப்போதும் இப்போதும் பெரிதாகப் பேசப்படும் எண் இ.ஆர்.ஏ. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்பது (சக ஆட்டக்காரர்களின் தவறால் வந்த ரன் இதில் சேராது). கொடுத்த ரன்னை ஒன்பதால் பெருக்கி, வீசிய இன்னிங்ஸால் வகுக்க வேண்டும். வில்ஹெல்மின் முதல் சீசனான 1952-இல் 159⅓ இன்னிங்ஸ், 43 ரன். 43 பெருக்கல் 9, 387. அதை 159.33-ஆல் வகுத்தால் 2.43. நாலுக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை, மூன்றுக்குக் கீழே நல்லது, இரண்டுக்குக் கீழே என்றால் அந்த சீசனையே பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஸ்கோர் அட்டை படிக்கும்போது ஒரு எச்சரிக்கை: இன்னிங்ஸை 159.1 என்று அச்சிட்டிருந்தால் அந்த .1 பத்தில் ஒன்று இல்லை. ஒரு அவுட், அதாவது மூன்றில் ஒரு பங்கு. .2 என்றால் இரண்டு அவுட். கால்குலேட்டரில் அப்படியே தட்டினால் விடை தப்பும்.

29 வயதில் அறிமுகம்

வில்ஹெல்ம் வட கரோலினாவின் ஹன்டர்ஸ்வில்லில் 1922 ஜூலை 26-இல் பிறந்தவர். பள்ளிக் காலத்திலேயே டச் லியோனார்ட் என்ற பிட்சர் நக்கிள்பால் என்னும் சுழலாத, மெதுவான பந்தை வீசுவதைப் பற்றிப் பத்திரிகையில் பார்த்து, டென்னிஸ் பந்தை வைத்துப் பழகினார். 1942-இல் ஊருக்குப் பக்கத்தில் மூர்ஸ்வில் அணியில் தொழில்முறை ஆட்டம் தொடங்கியது. பிறகு இரண்டாம் உலகப் போர். ஐரோப்பாவில் பல்ஜ் போரில் குண்டுச் சிதறலால் காயப்பட்டு, காயமுற்ற வீரர்களுக்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தோடு திரும்பினார்.

திரும்பி வந்தும் உடனே மேலே ஏற முடியவில்லை. சிறிய லீக்குகளில் 20 வெற்றியோ அதற்கு மேலோ எடுத்த சீசன்கள் இருந்தன. ஆனால் வேகமில்லாத, நக்கிள்பாலையே நம்பி வீசும் ஒருவரைப் பெரிய லீக் அணிகள் எளிதில் நம்பவில்லை. 1952-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்குள் வந்தபோது வயது 29. மேனேஜர் லியோ டுரோச்சர் அவரை ஸ்டார்ட்டராக ஆக்காமல் நேராகப் புல்பென்னுக்கு அனுப்பினார்.

அந்த முதல் சீசன் அசாதாரணம். அணி ஆடிய 154 ஆட்டங்களில் 71-இல் வீசினார், அத்தனையும் ரிலீவராக. 15 வெற்றி, 3 தோல்வி, இ.ஆர்.ஏ. 2.43. நேஷனல் லீக்கிலேயே அதுதான் மிகக் குறைவு. அந்தப் பட்டியலில் இடம்பெறக் குறைந்தது இத்தனை இன்னிங்ஸ் என்று ஒரு வரம்பு உண்டு: அணி ஆடும் ஆட்டத்துக்கு ஒன்று வீதம், அப்போது 154. ரிலீவர் ஒருவர் அந்த வரம்பைத் தாண்டுவதே பெரிய காரியம். இவர் ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டேகால் இன்னிங்ஸ் வீசியதால் தாண்டினார். இன்றைய ரிலீவர் பெரும்பாலும் ஒரு இன்னிங்ஸோடு கிளம்பிவிடுவார். சீசன் முழுக்கச் சேர்த்தாலும் எழுபதை எட்டினால் அதிகம்.

அந்த ஏப்ரல் மாதத்தில், பெரிய லீக்கில் தான் பேட் பிடித்த முதல் முறையிலேயே வில்ஹெல்ம் ஹோம் ரன், அதாவது நம்ம சிக்ஸரைப் போன்ற அடி, அடித்தார். அதன்பின் 20 ஆண்டுக்கு மேல் ஆடினார். பேட் பிடித்ததாகக் கணக்கு 432 முறை. இன்னொரு ஹோம் ரன் கடைசிவரை வரவில்லை. பேட்டிங் சராசரி .088, அதாவது நூறு முறைக்கு ஒன்பது வெற்றிகரமான அடிகூட இல்லை. பிட்சருக்குப் பதில் பேட்டரை ஏன் அனுப்பினார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நக்கிள்பால்: சுழலாத பந்து

ஐ.பி.எல். பார்ப்பவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. ஜாகீர் கான் கிரிக்கெட்டில் வீசியதும் இதே பெயரில்தான். ஆனால் கிரிக்கெட்டில் அது வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் ஒரு தந்திரம். பேஸ்பாலில் சிலருக்கு அதுவே முழுத் தொழில்.

பெயரைப் பார்த்து விரல் முட்டியால் பிடிப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். முட்டியால் பிடித்தவர்களும் இருந்தார்கள். வில்ஹெல்ம் வகையில் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நுனியும் தையலுக்குச் சற்றுப் பின்னால் பந்தின் தோலில் ஊன்றியிருக்கும். கட்டைவிரல் கீழே தாங்கும், மோதிர விரல் பக்கவாட்டில் அணைக்கும். வீசும்போது மணிக்கட்டை மடக்கக் கூடாது, விறைப்பாக வைத்து விரல் நுனியால் தள்ளிவிட வேண்டும். சாதாரணப் பந்தில் விரல்கள் கடைசி நொடியில் பந்தை உருட்டிவிடுகின்றன. அந்த உருட்டல்தான் சுழற்சி. நுனியால் தள்ளினால் உருட்டல் ரத்தாகிறது.

மேட்டிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம், சுமார் 18.4 மீட்டர். வேகப்பந்து மணிக்கு 145 கி.மீ. வேகத்தில் 0.4 நொடியில் வந்துவிடும், அதற்குள் பல சுற்று சுழன்றிருக்கும். நக்கிள்பால் மணிக்கு 100 முதல் 110 கி.மீ.தான். வழி முழுக்க ஒரு சுற்று, அதிகம் போனால் ஒன்றரைச் சுற்று.

சுழற்சி இல்லாவிட்டால் என்ன ஆகும்? பந்தின் மேல் 108 இரட்டைத் தையல்கள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. வேகமாகச் சுழலும் பந்தில் தையல் எங்கும் நிற்காது, காற்றுக்கு எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். சுழலாத பந்தில் ஒரு பக்கம் தையல், எதிர்ப்பக்கம் வெறும் தோல் என்று அமைந்துவிடும். தையல் பக்கம் காற்று ஒரு விதமாகப் பிரியும், தோல் பக்கம் வேறு விதமாக. அதனால் பந்து பக்கவாட்டில் தள்ளப்படும். மெதுவாக அரைச் சுற்று திரும்பியதும் தையல் இடம் மாறும், தள்ளும் திசையும் மாறும். எந்தப் பக்கம் தள்ளும் என்று வீசியவருக்கே தெரியாது. பந்து காற்றில் நெளிந்து நெளிந்து வருகிறது என்று பேட்டர்கள் சொல்வார்கள். பிற்காலத்தில் கேமரா வைத்து அளந்தபோது பாதை அவ்வளவு நெளிவதில்லை என்று தெரிந்தது. ஒரு பந்து இடமாகவும் அடுத்தது வலமாகவும் விலகும், எது எப்போது என்பதற்கு ஒழுங்கில்லை. கண் அதைத்தான் நெளிவாகக் காண்கிறது.

கெட்டுப்போவது சுலபம். நகம் உடைந்தால் பிடி போச்சு. அதனால் நக்கிள்பால் வீசுபவர்கள் நகத்தை அரம் வைத்துப் பராமரிப்பார்கள். பந்து கொஞ்சம் கூடுதலாகச் சுழன்றுவிட்டால் அது விலகாது. 105 கி.மீ. வேகத்தில் நேராக, மெதுவாக வரும் பந்து என்றால் பேட்டருக்கு விருந்து, ஹோம் ரன்தான்.

ரிலீவருக்கு இந்தப் பந்தில் இரண்டு லாபம். ஒன்று, ஸ்டார்ட்டரின் 145 கி.மீ. வேகத்துக்குக் கண் பழகிய பேட்டர் திடீரென்று 105 கி.மீ. பந்தைப் பார்க்கும்போது காலம் தப்பி ஆடுவார். இரண்டாவதுதான் பெரிது: கைக்கு நோவு குறைவு. ரிலீவர் வீசும் பந்துகளில் கணக்கில் வராதவை ஏராளம். புல்பென்னில் எழுந்து இருபது பந்து வீசிச் சூடேற்றுவார், மேனேஜர் மனம் மாறி உட்காரச் சொல்வார், அரைமணி கழித்து மறுபடி எழுப்புவார். மைதானத்துக்குள் வராமலேயே கை தேய்ந்துபோகும். நக்கிள்பால் வீசுபவருக்கு அந்தத் தேய்மானம் மிகக் குறைவு. அதனால்தான் அடுத்தடுத்த நாட்களில் கூப்பிட முடிந்தது. 49 வயதுவரை ஆடவும் முடிந்தது.

கேட்சர் கொடுத்த விலை

பேட்டருக்குத் தெரியாத திசை, அவருக்குப் பின்னால் நம்ம கீப்பரைப் போல பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு மட்டும் எப்படித் தெரியும்? வில்ஹெல்மின் புகழில் ஒரு பங்குக்கு விலை கொடுத்தவர்கள் அவருக்கு எதிரே குந்தியிருந்த கேட்சர்கள். 1954 செப்டம்பரில் ஜயன்ட்ஸ் கேட்சர் ரே கேட் ஒரே இன்னிங்ஸில் நான்கு பந்துகளைத் தவறவிட்டார்.

பந்து தப்பினால் பேஸில் நிற்பவர்கள் ஓடி முன்னேறுவார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. முதல் பேஸ் காலியாக இருந்தாலோ, இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ, மூன்றாவது ஸ்ட்ரைக்கை (பேட்டர் அடிக்கத் தவறிய பந்து ஒரு ஸ்ட்ரைக், மூன்று சேர்ந்தால் அவுட்) கேட்சர் பிடிக்காவிட்டால் பேட்டர் அவுட் இல்லை, முதல் பேஸுக்கு ஓடலாம். பேட்டரை முழுக்க ஏமாற்றிய அருமையான பந்தே பேட்டரைப் பேஸில் ஏற்றிவிடும்.

1958 ஆகஸ்டில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்கு வில்ஹெல்ம் வந்தார். மேனேஜர் பால் ரிச்சர்ட்ஸ் அவரை ஸ்டார்ட்டராகவும் இறக்கிப் பார்த்தார். செப்டம்பர் 20 அன்று நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிராக ஒன்பது இன்னிங்ஸும் வீசி ஒரு அடிகூடக் கொடுக்கவில்லை. ஸ்கோர் 1-0, அந்த ஒரே ரன் கேட்சர் கஸ் ட்ரையாண்டோஸ் அடித்த ஹோம் ரன். 1959-இல் 27 ஆட்டங்களைத் தொடங்கி 2.19 என்று அமெரிக்கன் லீக்கிலும் இ.ஆர்.ஏ.யில் முதலிடம் பிடித்தார். இரண்டு லீக்கிலும் அந்த முதலிடத்தைப் பிடித்த முதல் ஆள். ஸ்டார்ட்டராகத் தேறாததால் புல்பென்னுக்குப் போனார் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

தப்பும் பந்துக்கு ரிச்சர்ட்ஸ் கண்ட வைத்தியம் எளிமையானது: பெரிய கையுறை. 45 அங்குலச் சுற்றளவில், ஏறக்குறைய 114 செ.மீ., ஒரு கையுறை செய்வித்தார். 1960 மே 27-இல் கிளின்ட் கோர்ட்னி அதைப் போட்டுக்கொண்டு யாங்கீஸுக்கு எதிராக வில்ஹெல்ம் வீசிய பந்துகளைப் பிடித்தார். ஒரு பந்தும் தப்பவில்லை. ஆனால் அதிலும் சிக்கல் இருந்தது. அவ்வளவு பெரிய பள்ளத்துக்குள் விழுந்த பந்தைத் தேடி எடுத்து எறிவதற்குள் பேஸில் நிற்பவர் அடுத்த பேஸைத் திருடிவிடலாம். பிற்பாடு 38 அங்குலத்துக்கு மேல் கூடாது என்று விதியே போட்டுவிட்டார்கள். 1965-இல் சிகாகோ வைட் சாக்ஸ் அணியில் வில்ஹெல்ம், எடி ஃபிஷர் என்று இரண்டு நக்கிள்பால்காரர்கள். கேட்சர் ஜே.சி. மார்ட்டின் அந்த ஒரு சீசனில் 33 பந்துகளைத் தவறவிட்டார்.

இ.ஆர்.ஏ.வை எச்சரிக்கையோடு படிக்க வேண்டிய இடம் இது. கிரிக்கெட்டில் கீப்பர் விட்டு 'பை' போனால் பவுலர் கணக்கில் ஏறாது, வைட் போனால் ஏறும். பேஸ்பாலிலும் அப்படித்தான். பிடித்திருக்க வேண்டிய பந்தை கேட்சர் விட்டதால் வந்த ரன் பிட்சரின் இ.ஆர்.ஏ.யில் சேராது. பிடிக்கவே முடியாத அளவு பிட்சர் தாறுமாறாக வீசியதால் வந்தால் சேரும். எது எந்த வகை என்று தீர்மானிப்பவர் மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்கோரர். நக்கிள்பாலில் அந்தக் கோடு மங்கல். ஆக வில்ஹெல்மின் எண்கள் சற்று அழகாகவே தெரியும். அவரைச் சாதாரண ஆளாக்கும் அளவுக்கு இது பெரிய தள்ளுபடி இல்லை. தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய தள்ளுபடி, அவ்வளவுதான்.

இன்னொரு தள்ளுபடியும் உண்டு. வைட் சாக்ஸில் 1964 முதல் 1968 வரை தொடர்ந்து ஐந்து சீசன் அவர் இ.ஆர்.ஏ. இரண்டுக்குக் கீழே: 1.99, 1.81, 1.66, 1.31, 1.73. வயது 42-லிருந்து 46 வரை. ஆனால் அது எல்லாப் பிட்சருக்குமே பொற்காலம். 1968-இல் அமெரிக்கன் லீக்கின் மொத்தச் சராசரியே மூன்றுக்குக் கீழே போனது. பேட்டர்கள் திணறுவதைப் பார்த்து 1969-இல் பிட்சரின் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். அந்தச் சாதகமெல்லாம் கழித்துப் பார்த்தாலும் 1.31 என்பது 1.31தான்.

'சேவ்' வந்த கதை

மேலே சொன்ன 6-5 ஆட்டத்துக்கு மறுபடி வருவோம். முன்னிலையைப் பறிகொடுத்தவருக்கு வெற்றி கிடைக்கும் அந்த அபத்தம் 1959-இல் உச்சத்துக்குப் போனது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ரிலீவர் எல்ராய் ஃபேஸ் அந்த ஆண்டு 18 வெற்றி, ஒரே தோல்வி. நாடே கொண்டாடியது. சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மனுக்கு மட்டும் அது உறுத்தியது. ஃபேஸ் வந்து ரன் கொடுத்துச் சமன் செய்துவிடுகிறார், பிறகு அணி மீண்டும் அடித்து ஜெயிக்கிறது, வெற்றி அவர் பெயருக்குப் போகிறது என்பது அவர் வாதம். ரிலீவரின் வேலை முன்னிலையைக் காப்பது. அதை எண்ண வேண்டும் என்று 'சேவ்' என்ற கணக்கை ஆரம்பித்தார்.

1969-இல் அது அதிகாரபூர்வமானது. பிறகு இரண்டு முறை திருத்தினார்கள். இப்போதைய விதி இது: ஜெயித்த அணிக்குக் கடைசியாக வீசியவராக இருக்க வேண்டும், வெற்றி அவர் பெயருக்குப் போயிருக்கக் கூடாது. அதோடு மூன்றில் ஒன்று பொருந்த வேண்டும். மூன்று ரன்னுக்கு மேற்படாத முன்னிலையோடு வந்து குறைந்தது ஒரு இன்னிங்ஸ் வீசியிருக்கலாம். அல்லது அவர் வரும்போது சமன் செய்யக்கூடிய ஆள் பேஸிலோ, பேட்டோடோ, அடுத்த முறைக்குக் காத்தோ நின்றிருக்கலாம். அல்லது முன்னிலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மூன்று இன்னிங்ஸ் ஒழுங்காக வீசியிருக்கலாம்.

இதுவும் குறையில்லாத அளவுகோல் அல்ல. ஒன்பதாவது இன்னிங்ஸில் பேஸ் காலியாக, மூன்று ரன் முன்னிலையோடு வந்து மூன்று பேரை அவுட் ஆக்குவது பெரிய சாதனை இல்லை. ஆனால் சேவ் கிடைக்கும். ஏழாவது இன்னிங்ஸில் நிஜமான நெருப்பை அணைத்தவர் பிறகு மாற்றப்பட்டால் அவருக்குக் கிடைக்காது. எண்ணப்படுவதைத்தானே எல்லோரும் செய்வார்கள்? சேவ் சேர்ப்பதற்கென்றே ஒரு ஆளை ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு ஒதுக்கும் பழக்கம் மெல்ல வேரூன்றியது. 1988 வாக்கில் ஓக்லண்ட் மேனேஜர் டோனி லா ரூசா டென்னிஸ் எக்கர்ஸ்லியை அப்படிப் பயன்படுத்தியபின் அதுவே எல்லா அணிக்கும் வழக்கமானது. அவரைத்தான் இன்று குளோசர் என்கிறார்கள். வில்ஹெல்ம் அந்தப் பொருளில் குளோசர் இல்லை. ஆறாவது இன்னிங்ஸானாலும் ஒன்பதாவதானாலும், எப்போது கூப்பிட்டாலும் வந்து, முடிகிறவரை வீசியவர்.

ஒன்பது அணி, 1,070 ஆட்டம்

இத்தனை திறமை இருந்தும் ஏன் ஒன்பது அணி? அந்தக் காலத்தில் ஆட்டக்காரருக்குத் தானாக அணி மாற உரிமை கிடையாது. ஒப்பந்தம் முடிந்தாலும் அணிக்கே சொந்தம். இது 1975 இறுதியில் வந்த தீர்ப்பு வரை நீடித்தது. அணிகள்தான் விற்கும், மாற்றிக்கொள்ளும். ரிலீவர் என்றால் அதுவும் எளிது, வயதானவர் என்றால் இன்னும் எளிது. ஜயன்ட்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், கிளீவ்லேண்ட், பால்டிமோர், வைட் சாக்ஸ், கலிபோர்னியா ஏஞ்சல்ஸ், அட்லாண்டா பிரேவ்ஸ், சிகாகோ கப்ஸ், லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ். நடுவே கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது, அங்கே ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன் ஏஞ்சல்ஸுக்குத் தள்ளிவிட்டது.

1970 மே 10-இல் ஆயிரமாவது ஆட்டத்தில் வீசினார். பேஸ்பாலில் அந்த எண்ணைத் தொட்ட முதல் பிட்சர். 1972 ஜூலை 21-இல் டாட்ஜர்ஸ் அவரை விடுவித்தது. அப்போதைய ஏடுகளில் அவர் பிறந்த ஆண்டு 1923 என்று இருந்ததால் 49 ஆகப் போகிறது என்று எழுதினார்கள். உண்மையில் ஐந்து நாளில் 50. அவருடைய 1,070 ஆட்ட எண்ணிக்கையை 1998-இல் தாண்டியவர் எக்கர்ஸ்லிதான்.

மொத்தக் கணக்கு: 143 வெற்றி, 122 தோல்வி, 2,254⅓ இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 2.52. வெற்றிகளில் 124 ரிலீவராக வந்தவை. சேவ் 228. இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். அவர் ஆடிய 21 சீசன்களில் 17 முடியும்வரை சேவ் என்று ஒன்று அதிகாரபூர்வமாக இல்லவே இல்லை. பழைய ஸ்கோர் அட்டைகளைப் புரட்டி, பிற்பாடு எண்ணிச் சேர்த்தது அது.

ஹால் ஆஃப் ஃபேமுக்கு வாக்களிப்பவர்கள் பேஸ்பால் எழுத்தாளர்கள். நூற்றுக்கு 75 வாக்கு வேண்டும். 1978-இல் முதன்முதலாக அவர் பெயர் வந்தபோது பாதிகூடத் தேறவில்லை. 300 வெற்றி எடுத்த ஸ்டார்ட்டர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு 143 என்பது சின்ன எண்ணாகத் தெரிந்தது. ஏழு முறை தவறி, எட்டாவது முறை 1985-இல் 83.8 சதவீதத்தோடு உள்ளே போனார்.